கிணற்றுத் தண்ணீரில் பிலிம் கழுவலாமா?

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வீட்டுக் குளியலறையிலேயே கறுப்பு வெள்ளைப் பிலிம் கழுவுகிறேன். டெவலப்பர், ஹைப்போ எல்லாம் கிணற்றுத் தண்ணீரில்தான் கரைக்கிறேன். காய்ந்த பிறகு நெகற்றிவில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. படமும் கரடுமுரடாக இருக்கிறது, வானமும் வெள்ளைச் சட்டையும் ஒரு விபரமும் இல்லாமல் வெளுத்துப்போகின்றன. எல்லாவற்றுக்கும் போத்தல் தண்ணீர் வாங்க வேண்டுமா? அல்லது எங்கள் வெக்கைக்கு இந்த வேலையே சரிவராதா?"

தாராளமாகச் சரிவரும். போத்தல் தண்ணீரும் தேவையில்லை. உங்களிடம் இருப்பது ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பிழைகள். முதலாவது சுண்ணாம்பால் வருவது, இரண்டாவது மணிக்கூட்டால்.

வெள்ளைப் படிவை முதலில் பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீர் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கி நிற்பது. கேத்திலின் அடியில் படிகிற அதே கல்சியம்தான் உங்கள் நெகற்றிவிலும் படிகிறது. படத்தைத் தெரியவைக்கும் மருந்தான டெவலப்பரில் சோடியம் சல்பைற் நிறைய உண்டு. டி-76 என்ற டெவலப்பர்ச் சூத்திரத்தில் லீற்றருக்கு 100 கிராம். கல்சியம் அதோடு சேர்ந்தால் எளிதில் கரையாத கல்சியம் சல்பைற்றாக வண்டலாக இறங்கும். கம்பனிப் பொதிகளில் கல்சியத்தைக் கட்டிப்போடும் மருந்து பெரும்பாலும் சேர்த்திருப்பார்கள். நீங்களே நிறுத்துக் கலப்பவரென்றால் அந்தக் காவல் இல்லை.

ஆனால் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் சுண்ணாம்பு என்று எடுத்துவிடாதீர்கள். பிலிமின் பளபளப்பான பின்பக்கத்தை ஈரவிரலால் தேயுங்கள். படிவு அங்கும் இருந்து, விநாகிரி பட்டதும் கரைந்தால் சுண்ணாம்புதான். பால்போன்ற மங்கல், படம் பதியும் ஜெலற்றின் படலத்துக்குள்ளேயே இருந்து, தேய்த்தும் போகாவிட்டால், பிலிமில் வெளிச்சம் படாத வெள்ளி உப்பைப் படத்தை நிலைப்படுத்தும் மருந்தான ஹைப்போ முழுதாகக் கரைக்கவில்லை என்று அர்த்தம். புது ஹைப்போவில் மறுபடி போட்டால் தெளியும். சுண்ணாம்பு படிந்த நெகற்றிவைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, ஒரு பங்கு நிறமற்ற விநாகிரிக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து இரண்டு நிமிடம் அமிழ்த்துங்கள், பிறகு நன்றாக அலசுங்கள். முதலில் தேவையில்லாத ஒரு துண்டில் செய்து பார்ப்பது நல்லது. தென்னை விநாகிரி வேண்டாம், அதன் நிறம் ஏறும்.

இனிமேல் நல்ல தண்ணீரை இரண்டு இடத்துக்கு மட்டும் ஒதுக்குங்கள்: டெவலப்பர் கரைக்கவும், கடைசி அலசலுக்கும். வாகன உதிரிப்பாகக் கடையில் கிடைக்கும் பற்றறித் தண்ணீர், அதாவது காய்ச்சி வடித்த நீர், போதும். அமிலம் கலந்த போத்தலை மாறி வாங்கிவிடாதீர்கள். மாரியில் முதல் மழையைக் கழியவிட்டுப் பிடித்து வடித்த மழைத்தண்ணீரும் அருமையானது. இரண்டும் இல்லையென்றால் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியைக் கலக்காமல் மேலாக ஊற்றி எடுங்கள். சுண்ணாம்பில் ஒரு பகுதி அடியில் தங்கிவிடும்.

இடையில் உள்ள கழுவலுக்குக் கிணறு தாராளம். கரையோரத்து உவர்க் கிணறும் பரவாயில்லை! உப்புத் தண்ணீர் ஹைப்போவை நல்ல தண்ணீரைவிட வேகமாகக் கழற்றும். கழுவலைச் சுருக்கவென்று கடையில் விற்கிற மருந்துகளும் இந்த உப்பு வேலையைத்தான் செய்கின்றன. அவற்றில் சல்பைற் இருக்கிறது. ஒன்று மட்டும், உப்பு பிலிமில் தங்கக் கூடாது. அதனால் கடைசியில் நன்னீரில் ஐந்து நிமிடம் விட வேண்டும்.

இப்போது கரடுமுரடுக்கு வருவோம். வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பு மணியில் முதலில் ஒருசில வெள்ளி அணுக்கள்தான் உண்டாகும், கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சில அணுக்களைப் பிடித்துக்கொண்டு மணி முழுவதையும் வெள்ளியாக்குவதே டெவலப்பரின் வேலை. சூடு கூடக்கூட அது வேகமாக நடக்கும். பெட்டியில் போட்டிருக்கும் நேரம் 20 பாகை செல்சியசுக்கு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் 28 பாகை அளவில் நிற்கும். அதே நேரம் விட்டால் வெளிச்சமான இடங்கள் அளவுக்கு மீறிக் கறுத்து, அச்சில் வெளுத்துப்போகாமல் என்ன செய்யும்?

ஒரு பாகை கூடினால் நேரத்தில் ஏறக்குறைய 8 சதவீதம் குறையுங்கள். இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் பிலிமை, ஐடி-11 டெவலப்பரில் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து கழுவினால் 20 பாகையில் 13 நிமிடம். 24 பாகையில் ஒன்பதரை, 28 பாகையில் ஏழுக்குச் சற்றுக் குறைவு. தண்ணீர் கலக்காமல் விட்டால் 20 பாகையிலேயே ஏழரை நிமிடம்தான், 28இல் நாலு நிமிடம்கூட வராது. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத்திட்டாக வரும். எங்கள் காலநிலைக்கு டெவலப்பரைத் தண்ணீர் கலந்து பாவிப்பதே என் தெரிவு.

ஐஸ் போட்டு டெவலப்பரை மட்டும் 20க்கு இறக்கி, பிறகு தாங்கித் தண்ணீரில் அலசுவதுதான் மோசமான வழி. ஜெலற்றின் திடீரென்று வீங்கிச் சுருங்கினால் படலம் வலைபோல வெடிக்கும். டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் விநாகிரித் தொட்டி, ஹைப்போ, கழுவும் தண்ணீர் எல்லாம் ஒரே வாளிச் சூட்டில் இருக்கட்டும், அது 27 பாகை என்றாலும். கலர் பிலிமின் சி-41 முறை 38 பாகையில் நடக்கிறது, பெரிய கம்பனிகளின் கறுப்பு வெள்ளைப் பிலிமும் எங்கள் வெக்கையைத் தாங்கும். மென்மையான படலமுள்ள சில பிலிம்களுக்கு மட்டும், வெப்ப நாடுகளின் பழைய வழக்கப்படி, லீற்றருக்கு 100 கிராம் நீரற்ற சோடியம் சல்பேற்றை டெவலப்பரில் சேர்த்தால் வீக்கம் அடங்கும். அப்போது நேரத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டிவரும்.

காயவிடுவது குளியலறையிலேயே, யன்னலைச் சாத்தி. சோளகம் வீசும் மாதங்களில் வெளியே தொங்கவிட்டால் புழுதியை எடுக்கவே முடியாது.

முடிந்த ஹைப்போவைக் கக்கூஸ் குழியிலோ முற்றத்திலோ ஊற்றாதீர்கள். அதில் வெள்ளி இருக்கிறது, சுண்ணாம்புக் கல் வழியே அது கிணற்றுக்குத்தான் போகும். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை ஒரு பழைய வாளி ஹைப்போவில் போட்டுச் சில நாள் மூடி வையுங்கள். இரும்பு கரையும், வெள்ளி கறுத்த சேறாக அடியில் இறங்கும். துருப்பிடிக்காத எவர்சில்வர் நார் இதற்கு உதவாது.