சிங்க்கில் நீலப்பச்சைக் கறை, காலையில் தண்ணீர் கசப்பு

அக்கா, மலேசியாவின் தாப்பா தோட்ட வீட்டில் மலைத்தண்ணீர், பழைய செம்புக் குழாய், கைக்குழந்தை என்று எழுதியிருந்தீர்கள். கறை, செம்பு கரைவதால்தான். தண்ணீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) பாருங்கள், 6.5-க்குக் கீழே என்றால் அமிலத் தண்ணீர் செம்பை அரிக்கும்; வீட்டுக்குள் வரும் குழாயில் அமிலத்தைத் தணிக்கும் கால்சைட் (சுண்ணாம்புக் கல்) வடிகட்டி போடுங்கள். அந்தக் கல் கரைந்து குறையும், அவ்வப்போது நிரப்பணும்.

எனக்குப் பெரிய பயம் ஈயம்தான். பழைய குழாய் மூட்டுகளை ஒட்டிய உலோகப் பற்றிலும் பித்தளைப் பைப்பிலும் இருக்கலாம். நிறம், ருசி எதுவும் காட்டாது. கொதிக்கவைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். இரவு முழுக்கத் திறக்காத பைப்பில் வரும் முதல் 1 லிட்டரை ஆய்வகத்தில் கொடுங்கள். உலக சுகாதார நிறுவன வரம்பு லிட்டருக்கு ஈயம் 0.01 மில்லிகிராம், செம்பு 2 மில்லிகிராம். முடிவு வரும்வரை குழந்தையின் பால்மாவுக்குப் போத்தல் தண்ணீர்தான். காலையில் தேங்கி வருவதை வாளியில் பிடித்துத் துணிக்கு வையுங்கள்.