பாமாலையை இழுக்காமல் பாடுங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் சபையில் கீபோர்டு வாசிக்கிறேன். ஆராதனைப் பாட்டுப் புத்தகமான பாமாலையில் உள்ள ஜெர்மன் மெட்டுகள் ஒரே இழுவை, கீர்த்தனையும் புதுப் பாட்டுகளும் போதும் என்கிறார்கள் என் வயதுப் பிள்ளைகள். விட்டுவிடலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: விடாதீர்கள் தம்பி. இழுவை மெட்டில் இல்லை, நாம் பாடும் விதத்தில் இருக்கிறது. மக்கள் தங்கள் பாஷையில் தாங்களே பாட வேண்டும் என்றுதான் ஜெர்மனியில் திருச்சபையைச் சீர்திருத்திய மார்ட்டின் லூத்தர் பாட்டு எழுதினார். 1524-ல் வந்த முதல் பாட்டுப் புத்தகத்தில் எட்டே பாட்டுகள். வேதாகமத்தின் 46-ம் சங்கீதத்தைத் தழுவி அவர் எழுதிய பாட்டின் பழைய மெட்டில் குறுகலும் நீளலுமாகத் தாளம் துள்ளும். எல்லாச் சுரத்தையும் ஒரே நீளமாக்கி மெதுவாக்கியது பிற்காலத்தவர்கள்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜெர்மன் மிஷனெரி பப்ரிசியுஸ் ஐயர் 18-ம் நூற்றாண்டில் ஜெர்மன் பாட்டுகளை அதே மெட்டுக்குத் தமிழாக்கினார். பெரிய உழைப்பு அது! ஆனாலும் இப்படி வந்த பாட்டுகளில் குறில் வர வேண்டிய இடத்தில் மெட்டு நீள்கிறது, நெடில் அமுங்கிப்போகிறது. ஆகவே முதலில் வரிகளைப் பேசுகிற மாதிரி உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அடி முடிவில் மட்டும் மூச்சு. சுருதியை ஒரு கட்டை இறக்குங்கள், பெரியவர்களுக்கும் எட்டும். பத்துச் சரணம் இருந்தால் மூன்றைத் தேர்ந்தெடுத்துப் பாடுங்கள். அக்டோபர் 31, சீர்திருத்தத் திருநாளுக்கு ஒரே ஒரு பாட்டை இப்படிப் பழக்கிப் பாருங்கள்.

கீர்த்தனையை இதற்குப் போட்டியாக நிறுத்தவே கூடாது. நம் இராமநாதபுரத்தில் பள்ளிக்கூடத்தின் பெயராக நிற்கிறாரே ஜெர்மன் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர், அவரிடம் வளர்ந்தவர்தான் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). லூத்தரன் மிஷன் கொடுத்த படிப்போடுதான் அவர் நம் ராகத்திலும் தாளத்திலும் கீர்த்தனைகள் கட்டினார். இரண்டும் நம் வீட்டுச் சொத்து.

கேள்வி: கோவில் ஆர்மோனியத்தில் சில கட்டைகள் பேசுவதில்லை. உப்புக்காற்றுதான் காரணமா?
– வாசகி, பாம்பன்

பதில்: பெரும்பாலும் அதுதான். உள்ளே ஒலி எழுப்பும் தகடான ரீடு பித்தளை, களிம்பு ஏறும். உப்புத்தாளால் மட்டும் தேய்த்துவிடாதீர்கள் அம்மா, உலோகம் தேய்ந்தால் சுருதியே மாறிவிடும். மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். அப்புறமும் பேசாவிட்டால் ரிப்பேர்காரரிடம் கொடுங்கள். கடல் பார்த்த ஜன்னலை விட்டுத் தள்ளி வைத்து, துணி போட்டு மூடுங்கள். வாரநாட்களிலும் யாராவது கொஞ்ச நேரம் வாசிக்கட்டும்.