தாய்லாந்தின் அறிவியலுக்கு உதவிய வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு விருது எதற்கு? அவர்கள் சம்பளம் வாங்கித்தானே வேலை செய்தார்கள்?

அந்தச் சம்பளம் என்ற வார்த்தைக்காகத்தான் எழுதுகிறேன். நீங்கள் இன்னும் கல்லூரியில் படிப்பவர் என்று நினைக்கிறேன். லேபில் நாலு வருடம் நின்றிருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

நான் மைக்ரோபயாலஜி லேப் டெக்னீஷியன். டெல்டா பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தபோது, காய்ச்சலோடு ஒரு விவசாயி வந்தார். சர்க்கரை நோய் உள்ளவர். ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பிளேட்டில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் ஏதோ ஒரு கிருமி வளர்ந்தது. வெளியிலிருந்து கலந்ததாக இருக்கும் என்று பிளேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். அது மெலியாய்டோசிஸ் என்ற தொற்றுநோயாக இருந்திருக்கலாம் என்று உறைத்தது 2012-ல், வடகிழக்குத் தாய்லாந்தில் உள்ள உபோன் ராட்சதானிக்கு நான்கு மாதப் பயிற்சிக்குப் போன பிறகுதான்.

மெலியாய்டோசிஸ் கிருமி வயல் மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்வது. வெறுங்காலோடு நடவு செய்பவர்களுக்குக் காலில் உள்ள சிறு காயம் வழியாக ஏறிவிடும். உபோனில் மழைக்காலம் வந்தால் வார்டு நிரம்பும். அங்கே சப்பசித்திப்பிரசோங் மருத்துவமனையில் நிக்கோலஸ் ஒயிட் என்ற ஆங்கிலேய மருத்துவர், தாய்லாந்து மருத்துவர்களோடு சேர்ந்து இந்த நோய்க்கு செஃப்டாசிடிம் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைச் சோதித்துப் பார்த்தார். கடுமையான நோயாளிகளில் 74 சதவீதமாக இருந்த இறப்பு 37 ஆகக் குறைந்தது. 1989-ல் முடிவு வெளியானது. மஹிடோல் பல்கலைக்கழகமும் ஆக்ஸ்ஃபோர்டும் 1979-ல் பாங்காக்கில் தொடங்கிய ஆய்வுப் பிரிவின் வேலை அது. சம்பளம் வாங்கினார், சரி. அதை இங்கிலாந்திலேயே உட்கார்ந்து வாங்கியிருக்கலாமே?

2010-க்கான இளவரசர் மஹிடோல் விருது பெற்றவர்களில் அவரும் ஒருவர். அது உலகம் முழுவதற்குமான மருத்துவ விருது, 1992-ல் ஏற்படுத்தியது. அந்த மஹிடோல் யார் தெரியுமா? பாங்காக்கில் உள்ள சிரிராஜ் மருத்துவப் பள்ளிக்கு வெளிநாட்டு ஆசிரியர்கள் வேண்டும் என்று அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையோடு தானே பேசி முடித்தவர். அவர் பெயரில் ஒரு வெளிநாட்டுக்காரர் கௌரவிக்கப்படுவதில் எனக்கு எந்த முரணும் தெரியவில்லை.

உடனே 'வெள்ளைக்காரனுக்குக் கொடி பிடிக்கிறாயா' என்று சிலர் வருவார்கள். 1996-க்கான விருது, டெங்கு ஆய்வுக்காக அமெரிக்கர் ஸ்காட் ஹால்ஸ்டெடுக்கும் தாய்லாந்தின் டாக்டர் சுசித்ரா நிம்மானித்யாவுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது. எனக்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்ததும் ஆக்ஸ்ஃபோர்டுக்காரர் யாரும் இல்லை. லேபில் இருந்த ஒரு மூத்த தாய்லாந்து டெக்னீஷியன். நான் அவரை 'பீ' என்றுதான் கூப்பிடுவேன். தாய்லாந்தில் மூத்தவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள், நம் ஊர் அக்கா மாதிரி. இந்தக் கிருமியை வளர்க்கப் பிளேட்டில் ஊற்றும் ஆஷ்டவுன் அகாரில் ஊதா நிறத்தில், காய்ந்து சுருங்கிப்போய்த் தெரியும் காலனியை, அதாவது கிருமித் திட்டை, எப்படிக் கண்டுபிடிப்பது என்று பொறுமையாகக் காட்டினார். நாலு நாள் காத்திரு, அவசரப்பட்டுத் தட்டை எறியாதே என்பார். நான் எறிந்த கதையை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

ஜூனில் ஒரு வியாழக்கிழமை, பக்கத்துக் கல்லூரியில் 'வாய் க்ரு' நடந்தது. குருவை வணங்கும் நாள். அருகம்புல், கத்தரிப்பூ, இட்லிப்பூ எல்லாம் தட்டில் வைத்து மாணவர்கள் ஆசிரியர்கள் முன் மண்டியிட்டார்கள். அந்த வரிசையில் இரண்டு வெளிநாட்டு ஆசிரியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவர்களின் சம்பளத்தைக் கேட்கவில்லை.

ஊர் திரும்பி வேறொரு மருத்துவமனையில் வேலை கேட்டேன். 'ஆறு மாதத்துக்குக் குறைந்த பயிற்சியை அனுபவமாக எடுத்துக்கொள்ள முடியாது' என்றார்கள். பத்து வருட டெக்னீஷியனுக்குப் புதிதாக வருபவரின் சம்பளம். அங்கே கத்துக்கிட்டு வந்தவனுக்கே இங்கே இந்த மரியாதை. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் சம்பளம் என்ற பேச்சை எடுத்தது நீங்கள்.

போன ஐப்பசியில் ஒரு பிளேட்டில் அதே ஊதா நிறம், அதே சுருக்கம். டாக்டருக்கு அன்று சாயங்காலமே போன் செய்துவிட்டேன். மருந்தை மாற்றினார்கள். நோயாளி நடந்துதான் வீட்டுக்குப் போனார்.