எழுதுகிறவருக்கு வேண்டிய ஊக்கம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கணக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே சில ஆண்டுகளாகச் சிறுகதைகள் எழுதி வருகிறேன். மூன்று கதைகள் இதழ்களில் வெளிவந்திருக்கின்றன. வெளிவந்த அன்று நண்பர்கள் சிலர் ‘அருமை’ என்று எழுதினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கதைகளைப் பற்றி எவரும் பேசவில்லை. வீட்டில் தடை ஒன்றும் இல்லை, ஆனால் என்ன எழுதுகிறாய் என்று யாரும் கேட்டதும் இல்லை. என்னோடு எழுதத் தொடங்கியவர்கள் தொகுப்பு கொண்டுவந்துவிட்டார்கள். அந்தச் செய்திகளைப் பார்க்கும் நாளில் என்னால் எழுத உட்கார முடிவதில்லை. ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர் ஒருவரைப் பற்றிய கதை பாதியில் நின்று மாதக்கணக்கில் ஆகிறது. எழுதும்படியாக என் வாழ்க்கையில் எதுவும் நடப்பதில்லை என்றும் தோன்றுகிறது. அன்றாடம் எழுதுவதற்கான ஊக்கம் உங்களுக்கு எங்கிருந்து வருகிறது? அது எனக்குக் கிடைக்காமல் இருப்பதே, இதை விட்டுவிடலாம் என்பதற்கு அடையாளமா?

எம்.

*

அன்புள்ள எம்.,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, அது அடையாளம் அல்ல. உங்களுடைய கதைகள் இன்னும் ஒருவராலும் நிதானமாகப் படிக்கப்படவில்லை என்பதற்கு மேல் உங்கள் கடிதத்திலிருந்து நான் எதையும் முடிவுசெய்ய மாட்டேன். எழுத்தின் தரத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

1886ஆம் ஆண்டு மார்ச் மாதம் ரஷ்ய எழுத்தாளர் ஆன்டன் செகாவுக்கு ஒரு கடிதம் வந்தது. அப்போது அவருக்கு வயது 26. மருத்துவப் படிப்பை முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. குடும்பத்தைத் தாங்க வேண்டியிருந்ததால் நகைச்சுவை இதழ்களுக்குப் புனைபெயரில் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தார். கடிதத்தை எழுதியவர் திமீத்ரி கிரிகரோவிச் என்ற மூத்த எழுத்தாளர். உங்களிடம் உண்மையான திறமை இருக்கிறது, அதை மதியுங்கள், கெடுவுக்காக அவசர அவசரமாக எழுதுவதை நிறுத்துங்கள் என்பதே அதன் சாரம். அந்தக் கடிதம் தன்னை மின்னலைப் போலத் தாக்கியதாகச் செகாவ் பதில் எழுதினார். மாஸ்கோவில் தனக்கு நூற்றுக்கணக்கானவர்களைத் தெரியும், அவர்களில் எழுதுகிறவர்களே பத்து இருபது பேர் இருப்பார்கள், ஆனால் தன்னைப் படிக்கிறவர் என்றோ கலைஞனாகக் கருதுகிறவர் என்றோ ஒருவரைக்கூடச் சொல்ல முடியவில்லை என்று அதில் குறிப்பிடுகிறார். எந்தக் கதைக்கும் ஒரு நாளைக்கு மேல் செலவிட்டதாக நினைவில்லை என்கிறார். கிரிகரோவிச்சுக்குப் பிடித்திருந்த கதையையே நீராடும் கொட்டகையில் உட்கார்ந்து எழுதி முடித்தாராம்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். அச்சேறுவதோ வாசகர்களோ செகாவுக்குக் குறைவாக இருக்கவில்லை; இதழை வாங்கியவர்கள் சிரித்தார்கள், ஆசிரியர்கள் மேலும் கேட்டார்கள். இவன் செய்வது பெரிய காரியம் என்று நம்பி, அந்த நம்பிக்கையின் பேரிலேயே கண்டிக்கவும் துணிகிற ஒருவர்தான் அதுவரை அவருக்கு வாய்க்கவில்லை. கிரிகரோவிச் பாராட்டோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அந்த மகிழ்ச்சி ஒரு வாரம் இருந்திருக்கும். எப்படி எழுத வேண்டும் என்று ஒரு பணியையும் அவர் கொடுத்தார். ஒரே நாளில் கதையை முடித்துவந்த செகாவ், 1888இன் தொடக்கத்தில் ஸ்தெப்பிப் புல்வெளியைப் பற்றிய நீண்ட கதைக்காக ஏறத்தாழ ஒரு மாதம் உட்கார்ந்தார். பெரிய இலக்கிய இதழ் ஒன்றில் அவர் எழுதியது அதுவே முதல்முறை.

‘அருமை’ என்ற சொல் உங்களுக்குப் பயன்படாமல் போனதற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். அதைச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் அந்தச் சொல்லை உங்களுடைய மூன்று கதைகளில் எதற்கு வேண்டுமானாலும் பொருத்தலாம், இன்னொருவருடைய கதைக்கும் பொருத்தலாம். உங்கள் கதையில் இன்ன வரியில், இன்ன பாத்திரம் வாயைத் திறக்காமல் இருந்த இடத்தில், தன் மனம் நின்றது என்று ஒருவர் சொன்னால், அது குறையாகவே இருந்தாலும், அன்றிரவே நீங்கள் எழுத உட்கார்ந்துவிடுவீர்கள். கவனித்துப் படிக்கப்பட்டோம் என்ற உணர்வு தருகிற வலிமையைப் புகழ்ச்சி தருவதில்லை. என் அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய சிலவற்றில் இது ஒன்று.

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனைத் தன்னந்தனியாக அறைக்குள் இருந்து எழுதியவராகவே பலரும் அறிந்திருக்கிறார்கள். அவர் எழுதிய கவிதைகள் ஏறத்தாழ 1800. வாழ்நாளில் அச்சானவை பத்து அளவில்தான், அவையும் பெயரில்லாமல். 1886இல் அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்தே முதல் தொகுப்பு வந்தது. இந்த எண்களை மட்டும் பார்த்தால், எந்த ஊக்கமும் இன்றியே ஒருவரால் வாழ்நாள் முழுக்க எழுத முடியும் என்று தோன்றும். ஆனால் அடுத்த வீட்டில் அவருடைய அண்ணி சூசன் இருந்தார். நூற்றுக்கணக்கான கவிதைகள் அந்த வீட்டுக்குப் போயின. 1861இல் ஒரு கவிதையின் இரண்டாம் பத்தி சூசனுக்கு நிறைவளிக்கவில்லை. எமிலி அதை மாற்றி எழுதி அனுப்பினார். அதுவும் முதல் பத்திக்கு இணையாக நிற்கவில்லை, முதல் பத்தி தன்னளவில் முழுமையாக இருக்கிறது, அதற்குத் துணையே வேண்டாம் என்று சூசன் எழுதினார். எமிலி மனம் கசந்துபோகவில்லை. வேறொரு பத்தியை எழுதிப் பார்த்தார். உன் பாராட்டு எனக்கு நல்லது, ஏனென்றால் அது அறிந்து பாராட்டுகிறது என்ற பொருளில் அவர் சூசனுக்கு எழுதிய வரியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அப்படிப்பட்ட ஒருவர் இருந்தால் பெருங்கூட்டம் தேவைப்படாது.

நம் மொழியிலேயே இதற்கு எல்லோரும் அறிந்த சான்று உண்டு. 1880இல் கும்பகோணத்தில் முன்சீப் நீதிபதியாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தபோது உ.வே.சாமிநாதையர் 25 வயது இளைஞர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர், கல்லூரியில் தமிழாசிரியர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்ட முதலியாரிடம் அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் வியக்கவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பயன் என்று கேட்டுவிட்டு, பழைய நூல்களைப் பற்றி விசாரித்தார். சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்றார். அந்தக் கேள்வி இளைஞரைப் புண்படுத்தியிருக்கலாம். ஆனால் கேட்டவர் அதோடு விட்டுவிடாமல் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, கூடவே உட்கார்ந்து பாடமும் கேட்டார். 1887இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. பத்துப்பாட்டு 1889இல், சிலப்பதிகாரம் 1892இல், புறநானூறு 1894இல். ஒருவருடைய ஆற்றல் இன்னும் பெரியதற்கு உரியது என்று கண்டு, அதை அவரிடமே சொல்லி, கூடவும் உட்காருகிற மனிதர்கள் அரிது. அவர்கள் வரும்போது பாராட்டின் முகத்தோடு வருவதில்லை என்பதால் நாம் அவர்களைத் தவறவிட்டுவிடவும் கூடும்.

இனி, எழுதும்படியாக எதுவும் நடப்பதில்லை என்று நீங்கள் சொல்வதற்கு வருகிறேன். ஜார்ஜோ மொராண்டி என்ற இத்தாலிய ஓவியர் 1964இல் இறக்கும் வரை, வாழ்நாளின் பெரும்பகுதியைப் பொலோன்யா நகரில் ஒரே வீட்டில், தன் மூன்று சகோதரிகளுடன் கழித்தார். உறங்கும் அறையே ஓவிய அறை. அவர் வரைந்தவற்றில் பெரும்பாலானவை குப்பிகள், கிண்ணங்கள், பெட்டிகள், சாடிகள். ஒரே சாடி பல ஓவியங்களில் திரும்பத் திரும்ப வரும். ஒன்றை விரல் அகலம் நகர்த்தி வைத்துவிட்டு மறுபடியும் பார்ப்பார். அவற்றின்மேல் படிந்த தூசியை அப்படியே விட்டுவைப்பார், ஏனென்றால் தூசி ஒளியின் பளபளப்பை அடக்கிவிடும். நிகழ்ச்சி என்று சொல்லத்தக்க எதுவும் அந்த அறையில் நடக்கவில்லை. ஆனால் அந்த ஓவியங்களின் முன்னால் சிறிது நேரம் நின்றால், இரண்டு குப்பிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் எவ்வளவு நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

நான் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கிறேன். அதில் கருத்துகளை எழுதுவதில்லை; பார்த்ததை மட்டும், இரண்டு மூன்று வரிகளில், உவமை சேர்க்காமல் எழுதுவேன். ஒரு பதிவை அப்படியே தருகிறேன்: ‘மருத்துவமனை வரிசை. பெண்ணின் எண்ணைக் கூப்பிடுகிறார்கள். அவள் எழவில்லை. தோளில் குழந்தை தூங்குகிறது. பக்கத்திலிருப்பவரிடம் கண்ணாலேயே சொல்கிறாள், நீங்கள் போங்கள் என்று.’ அவ்வளவுதான். இது கதையாகவில்லை, ஆகாமலும் போகலாம். ஆனால் நாள்தோறும் இப்படி ஒன்றை எழுதிவைக்கும் பழக்கம், மறுநாள் என்னை வெளியே பார்த்துக்கொண்டிருக்க வைக்கிறது. அன்றாட ஊக்கம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்கள். என் நேர்மையான பதில், பெரும்பாலும் இந்தக் குறிப்பேட்டிலிருந்துதான். எழுதத் தூண்டும் மனநிலை முதலில் வந்து, அதன்பின் நான் உட்கார்வது அபூர்வம். உட்கார்ந்து ஒரு பொருளை உற்றுப் பார்க்கத் தொடங்கியபின் அது மெல்ல வந்து சேர்கிறது.

உங்கள் பிழைதிருத்துநர் கதையும் இதனால் நகரக்கூடும் என்று நினைக்கிறேன். கதை ஏன் நின்றது என்று நீங்கள் எழுதவில்லை; ஆனால் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது என் ஊகம். நிகழ்ச்சியைத் தேடாமல் அவரைக் கொஞ்சம் பாருங்கள். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் எழுதியதைப் படித்தவர், ஆனால் பிழைக்காக மட்டுமே படித்தவர், ஓய்வுபெற்ற பிறகு ஒரு புத்தகத்தை எப்படிப் படிப்பார்? கையில் பேனா இல்லாமல் அவரால் படிக்க முடியுமா? மருந்து அட்டையில் ஒற்று விடுபட்டிருந்தால் நகத்தால் கீறி வைப்பாரா? மகன் எழுதும் கடிதத்தில் சந்திப்பிழை இருந்தால் அவருடைய கண் முதலில் பிழையில் நிற்குமா, செய்தியில் நிற்குமா? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் எனக்கே வந்துவிட்டது. உங்களுக்கும் வருமானால் கதை தன் வழியைக் கண்டுகொள்ளும்.

வேலை, நேரம் இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸ் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் உயர் பொறுப்பில் இருந்துகொண்டே, அலுவலகத்துக்கு நடந்துபோகும் வழியில் கவிதைகளை மனத்துக்குள் கட்டினார். இன்னொரு அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் மருத்துவர். நோயாளிகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் மருந்துச்சீட்டுத் தாள்களில் எழுதினார். இவர்களைப் பார்த்து நீங்களும் அப்படியே செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் களைப்பு உண்மையானது, எல்லோருக்கும் ஒரே உடம்பு இல்லை. வேலைநாளில் கிடைப்பது அரை மணி நேரம் என்றால், அதைப் புதிதாக எழுதுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். திருத்துவதை விடுமுறைக்குத் தள்ளுங்கள். களைத்த மனம் தன் எழுத்தைத் திருத்த உட்கார்ந்தால் எல்லாவற்றையும் அடித்துவிடும்.

உடன் எழுதுகிறவர்களின் தொகுப்புகளைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒளிவுமறைவு இல்லை, அதற்காக உங்கள்மேல் மதிப்புக் கூடியது. அந்த வருத்தத்தை விரட்டப் பார்க்காதீர்கள். அந்தத் தொகுப்பில் ஒன்றை வாங்கி முழுதாகப் படியுங்கள். செய்தியாகப் பார்க்கும்போது அது உங்களைப் பின்தள்ளிய வெற்றியாகத் தெரிகிறது; கதைகளாகப் படிக்கும்போது, உங்களைப் போலவே ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டிய மனிதர் தெரிவார். படித்தபின் அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ‘அருமை’ வேண்டாம். எந்தக் கதை பிடித்தது, அதில் எந்த இடம், எங்கே உங்களுக்கு நம்பிக்கை வரவில்லை என்று நான்கு பத்தியாவது எழுதுங்கள். அவரும் உங்களைப் போலவே அப்படி ஒரு கடிதத்துக்காகக் காத்திருப்பார், தொகுப்பு வந்துவிட்டதால் அந்த ஏக்கம் தீர்ந்துவிடுவதில்லை. எனக்குத் தெரிந்து எழுத்தாளர்களுக்கிடையே நீடித்து நிற்கும் நட்புகள் பலவும் இப்படி ஒருவர் முன்வந்து எழுதிய கடிதத்தில் தொடங்கியவையே. பதில் வராவிட்டாலும் இழப்பு ஒன்றும் இல்லை. இன்னொருவர் கதையை அவ்வளவு நெருக்கமாகப் படித்தவருக்குத் தன் கதையைப் படிக்கவும் கண் பழகியிருக்கும்.

உங்கள் கதையை முடித்ததும் உடனே இதழுக்கு அனுப்பிவிடாமல் இரண்டு பேருக்கு மட்டும் கொடுங்கள். ஒருவர் எழுதுகிறவராகவும் மற்றவர் வெறும் வாசகராகவும் இருந்தால் நல்லது. அந்த இரண்டாமவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அவர்கள் கேட்காததற்குக் காரணம் அக்கறையின்மைதான் என்று நான் நினைக்கவில்லை. என்ன கேட்பது என்று தெரியாமலும் பலர் கேட்காமல் இருந்துவிடுகிறார்கள். ஆகவே எப்படி இருக்கிறது என்று அவர்களிடம் கேட்காதீர்கள், அதற்கு ஒரே ஒரு பதில்தான் வரும். படிக்கும்போது எந்த இடத்தில் கதையைக் கீழே வைக்கத் தோன்றியது, எந்த இடத்தில் அந்த மனிதரைப் பார்த்ததுபோல் இருந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும்போது விளக்கம் சொல்லாமல் குறித்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே திரும்பிப் போய் வேலையைத் தொடங்குங்கள்.

அன்புடன்.