மகள் படிப்பது பி.காம்., ஆசை ஐ.டி.: ஓர் அம்மாவுக்குப் பதில்

அம்மா, வணக்கம்.

மகள் பி.காம். மூன்றாம் ஆண்டு, படிப்பில் கெட்டி. ஆனால் "இன்ஜினியரிங் படிக்காதவளுக்கு ஐ.டி.யில் என்ன வேலை" என்று சொந்தக்காரர்கள் பேசுவதைக் கேட்டு வீட்டில் தூக்கமே போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். ஆறு மாதத்தில் கோடிங் கற்றுத்தருகிறோம், வேலை உறுதி என்று சொல்லும் பயிற்சி மையத்துக்கு நகையை அடகு வைத்துப் பணம் கட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

ஒரு நிறுவனம் கம்ப்யூட்டரை வைத்துத் தொழிலில் எப்படி முந்துகிறது என்று தெரிந்துகொண்டால், உங்கள் மகளுக்கு அங்கே எந்த நாற்காலி காத்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

மத்தியப் பிரதேசத்தின் சோயா விவசாயிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்ததும் மூட்டை கட்டி, வண்டி பிடித்து மண்டிக்குப் போக வேண்டும். அன்றைக்கு என்ன விலை என்பது ஏலம் முடிந்தால்தான் தெரியும். விலை பிடிக்கவில்லை என்று திருப்பி எடுத்துவர முடியுமா? வண்டி வாடகையை யார் கொடுப்பது? கிடைத்த விலைக்குக் கொடுத்து, எடையிலும் கொஞ்சம் இழந்து, பணத்துக்கும் காத்திருந்து வீடு திரும்புவார்கள். அங்கே தரகர்கள் வழியாகச் சோயா வாங்கிக்கொண்டிருந்த ஐ.டி.சி. நிறுவனம் 2000-ஆம் ஆண்டு இ-சௌபால் என்ற திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்து விவசாயி ஒருவரின் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்தார்கள். போன் லைன் சரியில்லாததால் செயற்கைக்கோள் வழியாக இணையம், கரண்ட் போனால் சமாளிக்க சோலார். அந்த விவசாயிக்கு சஞ்சாலக் என்று பெயர். அக்கம்பக்கத்துக்காரர்கள் அவர் வீட்டுக்கு வந்து விலையைத் தெரிந்துகொள்வார்கள். சாம்பிளைக் காட்டினால் அவர் தரம் பார்த்து ஒரு விலையைச் சொல்லி, சீட்டு எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டோடு நிறுவனத்தின் கொள்முதல் மையத்துக்குப் போனால் எலெக்ட்ரானிக் தராசில் எடை, அங்கேயே பணம். பிடிக்காதவர் மண்டிக்கே போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

இதில் இருந்த கம்ப்யூட்டர் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடிய சாதாரணப் பெட்டி. வேலை செய்தது அதன் பின்னால் இருந்த திட்டம். கம்பெனி ஆளை உட்காரவைக்காமல் ஊர் நம்பும் விவசாயியை உட்காரவைத்தார்கள். ஊரார் முன்னால் அவரை உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். பழைய தரகர்களை விரட்டாமல், சம்யோஜக் என்று பெயர் கொடுத்து, அவர்களுக்கும் ஒரு வருமானம் வைத்து உள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்த முடிவு இதுதான். இப்படி ஒரு முடிவை எடுக்க புரோகிராம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கொள்முதல் எப்படி நடக்கிறது, காசு எங்கே கசிகிறது, யாருக்கு எதில் லாபம் என்று தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மகள் மூன்று வருஷமாகப் படிப்பது ஏறக்குறைய இதைத்தான்.

மாறாக நடந்ததும் உண்டு. அமெரிக்காவின் ஹெர்ஷீஸ் சாக்லேட் நிறுவனம் 1999-இல் மூன்று பெரிய மென்பொருள்களை ஒன்றாக ஓடவிட்டது. நாலு வருஷத்தில் செய்ய வேண்டியதை இரண்டரை வருஷத்துக்குச் சுருக்கி, ஜூலையில் மாற்றினார்கள். அங்கே அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் வரும். நம் ஊர் ஸ்வீட் ஸ்டாலுக்குத் தீபாவளி எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. ஆர்டர் வந்தது, குடோனில் சாக்லேட் இருந்தது, கடைக்குத்தான் போய்ச் சேரவில்லை. சுமார் 10 கோடி டாலர் ஆர்டர் கைநழுவியது. விற்பனை சூடுபிடிக்கும் நேரத்தில் இந்த மாற்றத்தில் கைவைக்கலாமா என்பது தொழில் தெரிந்தவர் கேட்க வேண்டிய கேள்வி. கேட்க ஆள் இருந்தால் மட்டும் போதாது, அவர் சொல்வதை நிறுவனம் காதில் போட்டுக்கொள்ளவும் வேண்டும்.

இந்தக் கேள்விகளைக் கேட்பவர்களுக்கு ஐ.டி. நிறுவனங்களில் பிசினஸ் அனலிஸ்ட், ஈ.ஆர்.பி. (கொள்முதல், கணக்கு, குடோன் எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் மென்பொருள்) ஃபங்ஷனல் கன்சல்டன்ட் என்றெல்லாம் பதவிப் பெயர்கள் இருக்கின்றன. வேலை என்னவென்றால், உதாரணத்துக்கு, ஒரு தொழிற்சாலையில் மாதக் கணக்கை முடிக்கவே பத்து நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கவுன்ட்ஸ் ஆட்களோடு உட்கார்ந்து, பில் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது, எங்கே ஒரே எண்ணை இரண்டு பேர் தட்டுகிறார்கள் என்று எழுத வேண்டும். என்ன மாற வேண்டும் என்று புரோகிராமருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். செய்து தந்ததைச் சோதித்துப் பார்க்க வேண்டும். டெபிட், கிரெடிட், ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி என்றாலே முழிப்பவரைவிட உங்கள் மகளுக்கு இது சுலபமாக வரும். நேரடியாக இந்தப் பதவியே முதல் வேலையாகக் கிடைப்பது அபூர்வம், அதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் கணக்கு, எம்.ஐ.எஸ். ரிப்போர்ட் (நிர்வாகத்துக்குத் தயாரிக்கும் அறிக்கை), சப்போர்ட் என்று நுழைந்து இரண்டு மூன்று வருஷத்தில் நகர்வார்கள்.

சரி, இப்போது என்ன படிப்பது? எக்செல்லை மேலோட்டமாக இல்லாமல் பிவட் டேபிள் (நீளமான பட்டியலைச் சுருக்கித் தொகுத்துக் காட்டும் வசதி) வரை நன்றாக. அப்புறம் கம்ப்யூட்டரில் சேமித்த தகவலிலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல்., அதற்கடுத்து எண்களைப் படமாகக் காட்டும் மென்பொருளான பவர் பி.ஐ. இவற்றுக்கு இலவசப் பாடங்கள் கொட்டிக்கிடக்கின்றன. என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத்தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடத்தையே காசில்லாமல் பார்க்கலாம். சான்றிதழ்த் தேர்வு எழுதினால் மட்டும் கட்டணம். ஐ.ஐ.டி. மெட்ராஸின் டேட்டா சயின்ஸ் பி.எஸ். என்ற பட்டப்படிப்புக்கு ஜே.ஈ.ஈ. தேவையில்லை, காமர்ஸ் மாணவர்களும் சேரலாம். பாதியில் டிப்ளமோவோடு வெளியே வரவும் வழி உண்டு. உண்மையான ஒரு தொழிலின் கணக்கை வாங்கி அலசும் புராஜெக்ட்டும் அதில் இருக்கிறது. பாடம் கடினம், விளையாட்டாகச் சேர வேண்டாம்.

மேற்படிப்பு என்றால் எம்.பி.ஏ.வுக்கு எந்தப் பட்டமும் போதும். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத்தேர்வு எழுதலாம், திருச்சி ஐ.ஐ.எம். போன்ற இடங்களுக்கு கேட் (CAT) தேர்வு எழுத வேண்டும். எம்.சி.ஏ.வுக்கு பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்கிறாரா என்று கேட்கக்கூடும், மகளின் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்த்து, சேரும் இடத்தில் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், ஒரு வருஷமாவது வேலை பார்த்துவிட்டு எம்.பி.ஏ. போவது நல்லது. கம்பெனி எப்படி நடக்கிறது என்று பார்த்த கண்ணோடு வகுப்பில் உட்காரலாம்.

அந்தப் பயிற்சி மையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேலை உறுதி என்கிறவர்களிடம், வேலை கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுத்தில் கேளுங்கள். போன வருஷம் வேலைக்குப் போனவர்களில் நாலு பேரின் எண்ணை வாங்கி நீங்களே பேசுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மகளுக்கு ஒரு வேலை தருகிறேன். செமஸ்டர் தேர்வு முடிந்ததும் தெரிந்த மருந்துக்கடை ஒன்றில் மூன்று மாதக் கொள்முதல், விற்பனை பில்களை அனுமதி கேட்டு வாங்கி எக்செல்லில் ஏற்றட்டும். மருந்து வாங்கியவர்களின் பெயரும் போன் எண்ணும் வேண்டாம். எந்த மருந்து எத்தனை நாள் அலமாரியில் கிடக்கிறது, எது அடிக்கடி தீர்ந்துபோய் வாடிக்கையாளர் வெறுங்கையோடு போகிறார், காலாவதியாகித் திரும்பப் போனது எவ்வளவு என்று பார்க்கட்டும். முதலாளி எதை மாற்றினால் பணம் முடங்காது என்று ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதை வைத்துக்கொண்டு எம்.பி.ஏ.வா, எம்.சி.ஏ.வா, முதலில் வேலையா என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம்.