பின்னேரச் சிறுவர் கழகத்துக்குப் போகமாட்டேன் என்று மகள் அழுகிறாள்: நிறுத்துவதா?

இப்போதே நிறுத்த வேண்டாம். ஒரு நாள் கூட்டிவரும் நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்னதாக, சொல்லாமல் போய் ஒரு ஓரமாக இருந்து பாருங்கள்.

7 வயது மகள் ஒரு மாதமாக அழுகிறாள், வந்ததும் சுருண்டு படுக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் விளையாட்டு நேரத்தை வீட்டுப்பாடம் விழுங்கியிருக்கும். ஒன்றரை வரை வகுப்பில் இருந்த பிள்ளையைப் பின்னேரமும் கொப்பியோடு உட்கார வைத்தால் அது இன்னொரு பள்ளிக்கூடம்தான். கல்லடியில் என் மகனுக்கும் இதுதான் நடந்தது. பெற்றோர் நாலு பேர் சேர்ந்து கேட்டபிறகு முதல் முக்கால் மணி விளையாட்டுக்கு என்று ஆனது. இப்போது கிளித்தட்டு முடியாமல் வரமாட்டான்.

போனால் பார்க்க வேண்டியவை:

1. என்ன விளையாடுவது என்று பிள்ளைகள் தீர்மானிக்கிறார்களா? எல்லாவற்றுக்கும் விசில்தானா?
2. விழுந்து அழும் பிள்ளையிடம் பெரியவர் போய்க் குனிந்து பேசுகிறாரா? எனக்கு இதுதான் முக்கியம். அந்த ஒரு நிமிடத்தில் அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.
3. நிழல், குடிதண்ணீர், உள்ளே பூட்டக்கூடிய கழிப்பறை. கச்சான் என்ற வறண்ட சூடான காற்று வீசும் காலத்தில் வெயிலில் ஓட விட்டால் எந்தப் பிள்ளையும் சோர்ந்துதான் வரும்.

மகளிடம் "ஏன் போகமாட்டாய்?" என்று கேட்காதீர்கள். "இன்றைக்கு யாரோடு விளையாடினாய்?" என்று கேளுங்கள்.

ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு பயந்தாலோ, உடம்பில் காயம் இருந்தாலோ மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. அன்றைக்கே நிறுத்திவிட்டு 1929க்கு எடுங்கள், அது இலங்கையின் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் சந்திக்கலாம்.