ஆல்பைன் லினக்ஸில் பேஷ் ஸ்கிரிப்ட் ஓடவில்லை, ரீபூட் செய்தால் ஷெல் செட்டிங் போய்விடுகிறது, இரண்டாவது டிஸ்க்கும் நிற்கவில்லை. என்ன செய்வது?

இதில் நடுக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்ற இரண்டுக்கும் வழி அங்கேதான் இருக்கிறது. தமிழ் கீபோர்டில் தட்டுவதால் கட்டளைகளையும் காதில் விழுகிற மாதிரியே எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் இதில் மாட்டியவன்தான். 2 ஜிபி ராம் உள்ள பழைய டெஸ்க்டாப்பை பென்டிரைவிலிருந்து ஆல்பைனில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் ஆசை ஆசையாக பிராம்ப்ட்டுக்குக் கலர் கொடுத்து, அலியாஸ் (நீண்ட கட்டளைகளுக்குக் குறும்பெயர்) எல்லாம் எழுதி வைத்தேன். ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. லாகின் செய்து பார்த்தால் மொட்டை பிராம்ப்ட். ஆல்பைனின் வழக்கமான ஷெல்லான (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) ஆஷ், ஹோமில் உள்ள புரொஃபைல் ஃபைலைப் படிக்காது போல என்று நினைத்து இரண்டு மணி நேரம் தேடினேன். ஆஷ் ஒழுங்காகப் படிக்கும். படிக்கத்தான் அங்கே ஃபைல் இல்லை.

முதலில் ‘டிஎஃப்’ அடித்துப் பாருங்கள். ரூட் அடைவு (‘/’) இருக்கும் வரியில் ‘டெம்ப்எஃப்எஸ்’ என்று வந்தால் உங்கள் சர்வர் முழுக்க ராமில் ஓடுகிறது. இதை டிஸ்க்லெஸ் முறை என்பார்கள். இதில் நீங்கள் மாற்றும் எதுவும் தானாகச் சேமிக்கப்படாது, ‘எல்பியு கமிட்’ கொடுத்தால்தான் பென்டிரைவுக்குப் போகும். அப்படிக் கொடுத்தாலும் அது வழக்கமாக எடுத்து வைப்பது செட்டிங் ஃபைல்கள் இருக்கும் ஈடிசி அடைவை மட்டும்தான். அதனால்தான் ஹோஸ்ட்நேம், பாஸ்வேர்டு, நெட்வொர்க் எல்லாம் பத்திரமாக இருக்க, ரூட் யூசரின் புரொஃபைல் மட்டும் ஒவ்வொரு முறையும் காணாமல் போகிறது. ‘எல்பியு இன்க்ளூட்’ போட்டு ரூட்டின் ஹோமைச் சேர்த்துவிட்டு ஒருமுறை கமிட் செய்யுங்கள். அல்லது அலியாஸை ஈடிசிக்குள் இருக்கும் ‘புரொஃபைல் டாட் டி’ அடைவில் ஒரு எஸ்ஹெச் ஃபைலாகப் போடுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன், எல்லா யூசருக்கும் கிடைக்கும். எது சேமிக்காமல் கிடக்கிறது என்று பார்க்க ‘எல்பியு ஸ்டேட்டஸ்’ இருக்கிறது.

சரி, பேஷ். இதுவும் ஆஷ் போல ஒரு ஷெல்தான். ஸ்கிரிப்ட் கண்ணெதிரே இருக்கும்போதே ‘நாட் ஃபவுண்ட்’ என்று வருவது எரிச்சலாகத்தான் இருக்கும். காணவில்லை என்று அது சொல்வது உங்கள் ஸ்கிரிப்டை அல்ல, அதன் முதல் வரி கேட்கும் பேஷை. ஆல்பைனில் பேஷ் முன்கூட்டியே இருக்காது. பிசிபாக்ஸ் என்ற ஒற்றை நிரலுக்குள் இருக்கும் ஆஷ்தான் உண்டு. ‘ஏபிகே ஆட் பேஷ்’ கொடுத்தால் வந்துவிடும். வந்த பிறகும் அதே பிழை என்றால் ஃபைலை விண்டோஸ் நோட்பேடில் எழுதினீர்களா என்று பாருங்கள். வரி முடிவில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் சேர்ந்து ‘பேஷ்’ என்பது வேறு பெயராகிவிடும். வேறு லினக்ஸிலிருந்து காப்பி செய்த பைனரியும் இதே பிழையைத் தரும், ஏனென்றால் நிரல்கள் ஓடத் தேவையான சி லைப்ரரியாக ஆல்பைன் பயன்படுத்துவது ஜிலிப்சி அல்ல, மஸ்ல். சின்ன ஸ்கிரிப்ட் என்றால் அரே போன்ற பேஷுக்கே உரிய சங்கதிகளை எடுத்துவிட்டு ஆஷுக்கு ஏற்றபடி எழுதிவிடுவது மேல்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ரூட்டின் லாகின் ஷெல்லை பேஷுக்கு மாற்றாதீர்கள். டிஸ்க்லெஸ் முறையில் ஒவ்வொரு பூட்டிலும் பேக்கேஜ்கள் புதிதாக நிறுவப்படும். ஏபிகே கேச் (இறக்கிய பேக்கேஜ்களைச் சேமித்து வைக்கும் இடம்) அமைக்காமல் விட்டிருந்தால் பேஷ் வராமலே போகலாம், ஆனால் லாகின் அதைத்தான் தேடும். அப்புறம் மானிட்டரும் கீபோர்டும் தூக்கிக்கொண்டு போனாலும் கதவு திறக்காது. ரூட் ஆஷிலேயே இருக்கட்டும், உங்களுக்கென்று தனி யூசர் உருவாக்கி அதற்கு பேஷ் கொடுங்கள்.

டிஸ்க்குக்கு வருவோம். ‘எல்எஸ்பிஎல்கே’ தனி பேக்கேஜ், அதைப் போட்டுக்கொண்டு டிஸ்க்குகளை அளவை வைத்து அடையாளம் காணுங்கள். பெயரை நம்பாதீர்கள், பென்டிரைவே எஸ்டிஏவாக வந்து நிற்கும். 2 டெராபைட்டுக்கு மேல் என்றால் பிசிபாக்ஸின் எஃப்டிஸ்க் உதவாது, ஜிபிடி பார்ட்டிஷன் போடத் தெரிந்த பார்ட்டட் போன்ற ஒன்று வேண்டும். ஃபார்மேட்டுக்கு ‘ஈ2எஃப்எஸ்புரோக்ஸ்’ பேக்கேஜ். ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் யூசருக்கென்று ஒதுக்கிவிடும், 1 டெராபைட் டிஸ்க்கில் அது சுமார் 50 ஜிபி. வெறும் பேக்கப் டிஸ்க் என்றால் ஃபார்மேட் செய்யும்போதே ‘மைனஸ் எம் 1’ கொடுத்து அதைக் குறையுங்கள்.

டிஸ்க்கில் முறையாக நிறுவிய சர்வர் என்றால் எஃப்எஸ்டேபில் (பூட்டில் எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) யுயுஐடியோடு (டிஸ்க்கின் தனி அடையாளம்) ஒரு வரி போதும். டிஸ்க்லெஸ்ஸில் இன்னொரு சிக்கல் உண்டு, அநேகமாக உங்களுக்கு நடப்பதும் இதுதான்: எஃப்எஸ்டேப் ஈடிசிக்குள் இருப்பதால் தப்பிக்கும், டிஸ்க்கை மவுண்ட் செய்ய (அதாவது இணைக்க) நீங்கள் உருவாக்கிய காலி அடைவு தப்பிக்காது. எனவே ஈடிசிக்குள் ‘லோக்கல் டாட் டி’ அடைவில், பெயர் ‘டாட் ஸ்டார்ட்’ என்று முடியும் சிறு ஸ்கிரிப்ட் எழுதி, முதலில் அடைவை உருவாக்கி, பிறகு மவுண்ட் செய்யச் சொல்லுங்கள். அதற்கு எக்சிக்யூட் அனுமதி கொடுத்து, ‘ஆர்சி-அப்டேட்’ மூலம் ‘லோக்கல்’ சேவையைச் சேர்த்து, மறக்காமல் கமிட் செய்யுங்கள். அந்த மவுண்ட் அடைவை மட்டும் ‘எல்பியு இன்க்ளூட்’டில் சேர்த்துவிடாதீர்கள், டிஸ்க்கில் உள்ள மொத்தத்தையும் பென்டிரைவுக்கு அடைக்கப் பார்க்கும்.

பேக்கப் ஸ்கிரிப்ட்டின் முதல் வேலையாக ‘மவுண்ட்பாயிண்ட் மைனஸ் க்யூ’ வைத்துச் சோதியுங்கள், மவுண்ட் ஆகவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடட்டும். ஒருமுறை என் டெஸ்க்டாப்பில் சாட்டா கேபிள் லூசாகி டிஸ்க் வரவில்லை. ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் அதைக் கவனிக்காமல் அதே பெயர் கொண்ட அடைவுக்குள், அதாவது ராமுக்குள், ராத்திரி முழுக்கக் கொட்டியிருக்கிறது. டிஸ்க்லெஸ்ஸில் ரூட் அடைவுக்குக் கிடைப்பது ராமில் பாதி, எனக்கு 1 ஜிபி. காலையில் பார்த்தால் லாக் ஃபைலில் ஒரு வரி எழுதக்கூட இடமில்லை.